சனிக்கிழமைச் சம்பளக் கணக்கு ஏன் முடங்குகிறது?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

ஏற்றுமதி செய்யும் பனியன் நிறுவனம் ஒன்றில் கணினிப் பிரிவு அவர் பொறுப்பில் இருக்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு முன் கோவையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனம் எழுதிக் கொடுத்த மென்பொருளில்தான் ஆர்டர், துணி இருப்பு, பண்டல் பதிவு (தைத்த துணிக் கட்டுகளின் கணக்கு), சம்பளம் எல்லாமே ஓடுகின்றன. சுமார் 400 டெய்லர்கள் பீஸ் ரேட்டில் தைக்கிறார்கள். வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலை. முதல் மூன்று ஆண்டுகள் பத்து நிமிடத்தில் முடிந்த சம்பளக் கணக்கு நான்காம் ஆண்டிலிருந்து இழுக்கத் தொடங்கியது. இப்போது இரண்டு மணி நேரம் ஆகிறது. அது ஓடும்போது தையல் பகுதியில் பண்டல் பதிவு உறைந்து நிற்கிறது. பொறுக்க முடியாமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் சில வாரங்களில் மென்பொருள் உடனே திறப்பதுகூட இல்லை. ஊத்துக்குளிக்கும் பெருமாநல்லூருக்கும் போக வேண்டிய பெண்கள் சம்பளத்துக்காக வாசலில் நிற்கிறார்கள், கம்பெனி வேன் காத்திருக்கிறது.

சர்வர் பழையது என்று சொல்லி மென்பொருள் நிறுவனம் நாலரை லட்சத்துக்குப் புதிய சர்வருக்கு விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறது. கூடவே, இந்தச் சகோதரியிடம் சென்ற ஆண்டு வேலைக்குச் சேர்ந்த இளைஞர் எழுதிய ஆர்டர் நிலவர ரிப்போர்ட்தான் எல்லாவற்றையும் கெடுக்கிறது என்றும் சொல்கிறது. முதலாளி, “அம்மணி, சர்வரும் வாங்கித் தருகிறேன், அந்தப் பையனையும் நிறுத்திவிடுவோம். அதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்” என்று சொல்லிவிட்டார். சகோதரி இணையத்தில் படித்து எல்லாக் குவரிகளிலும் (டேட்டாபேஸிடம் தரவு கேட்கும் கட்டளைகள்) நோலாக் என்ற குறிப்பைச் சேர்த்திருக்கிறார். அதன் பின் ரிப்போர்ட்கள் சற்று வேகமாக வருகின்றன. ஆனால் போன மாதம் இரண்டு டெய்லர்கள், தைத்த பீஸ்களில் சில கணக்கில் வரவில்லை என்று முறையிட்டிருக்கிறார்கள். சர்வர் வாங்கலாமா, மென்பொருள் நிறுவனத்தின் அட்டவணைகளில் நாமே இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் வரிசைப் பட்டியல்) போடலாமா, அந்தத் தம்பியை அனுப்புவது நியாயமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நான்கு தகவல்கள்தான் எனக்குப் பெரிய உதவி. டேட்டாபேஸ் மென்பொருள் எஸ்.கியூ.எல். சர்வர் 2017, எக்ஸ்பிரஸ் பதிப்பு. டேட்டாபேஸ் கோப்பின் அளவு 8.6 ஜிபி. பண்டல் பதிவு அட்டவணையில் 1.68 கோடி வரிசைகள், அளவு 3.4 ஜிபி. சம்பளக் கணக்கின் குவரி. பெரும்பாலோர் ‘மெதுவாக இருக்கிறது’ என்று மட்டுமே எழுதுவார்கள். நீங்கள் எண்களைக் கொடுத்திருப்பதால் ஊகத்தைக் குறைத்துப் பேச முடிகிறது.

புதிய சர்வர் உதவுமா?

இப்போதைய நிலையில் உதவாது. விலைப்பட்டியலில் 64 ஜிபி ரேம் என்று போட்டிருக்கிறார்கள். எக்ஸ்பிரஸ் என்பது இலவசப் பதிப்பு, அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ள அது பயன்படுத்துவது 1,410 எம்பி மட்டுமே. ஒரே பிராசசரை, அதிலும் நான்கு கோர்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. 64 ஜிபி வாங்கிப் பொருத்தினாலும் உங்கள் டேட்டாபேஸ் அந்த ஒன்றே கால் ஜிபிச் சொச்சத்துக்குள்தான் மூச்சுவிடும். 2017 ஸ்டாண்டர்டு பதிப்பு 128 ஜிபி வரை எடுக்கும், ஆனால் அதற்கு உரிமம் தனியாக வாங்க வேண்டும். நாலரை லட்சத்தில் அந்த உரிமம் அடங்குகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பட்டியலில் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அடங்கவில்லை.

மூன்று ஆண்டுகள் நன்றாக ஓடி நான்காம் ஆண்டில் திணறத் தொடங்கிய காரணமும் இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன். பண்டல் அட்டவணை ஆண்டுக்கு ஏறக்குறைய அரை ஜிபி வளர்ந்திருக்கிறது. 1.4 ஜிபிக்குள் இருந்தவரை முழு அட்டவணையும் நினைவகத்தில் அமர்ந்தது. அதைத் தாண்டிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவையும் டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. குவரி அன்றும் இன்றும் ஒன்றுதான். எழுதியவர் மோசமாக எழுதியிருந்தாலும் சிறிய அட்டவணை அதை மறைத்துவிட்டது. புதிய சர்வரில் வேகமான எஸ்எஸ்டி இருந்தால் இரண்டு மணி நேரம் ஒரு மணி நேரமாகலாம். அட்டவணை வளர வளர அதுவும் மறுபடி கூடிக்கொண்டே போகும்.

நீங்கள் கேட்காத ஒன்று

இதை முதலில் கவனியுங்கள். எக்ஸ்பிரஸ் 2017இல் ஒரு டேட்டாபேஸின் தரவுக் கோப்பு 10 ஜிபியைத் தாண்ட முடியாது. உங்களுடையது 8.6இல் நிற்கிறது. எல்லை தொட்ட நாளில் வேகம் குறைவதோடு போகாது, புதிய பதிவே ஏறாது. பண்டல் பதிவு, துணி வரவு, டெலிவரி சலான் எதுவும் ஏறாது. தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் போக வேண்டிய நாளில் அது நடந்தால் நிலைமை என்னவாகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இண்டெக்ஸும் இந்த 10 ஜிபிக்குள்தான் அடங்கும். மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு மட்டும் கணக்கில் சேராது.

ஆகவே இண்டெக்ஸ் போடுவதற்கு முன் இடம் உண்டாக்க வேண்டும். இந்த எல்லை ஒவ்வொரு டேட்டாபேஸுக்கும் தனித்தனி. அதே சர்வரில் இன்னொரு டேட்டாபேஸ் உருவாக்கி, முதல் ஐந்து ஆண்டுகளின் பண்டல் பதிவுகளை அதற்கு மாற்றுங்கள். அழிக்கச் சொல்லவில்லை, மாற்றத்தான் சொல்கிறேன். சம்பளப் பதிவேடு தணிக்கைக்கும் தொழிலாளர் துறைக்கும் வேண்டும். மாற்றியபின் இரு பக்கமும் வரிசை எண்ணிக்கையும் பீஸ் மொத்தமும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே பழையதை நீக்குங்கள். நீக்கும்போது ஒரே கட்டளையில் நீக்காதீர்கள். மாற்றப்படும் வரிசையை வேறு யாரும் தொடாதபடி டேட்டாபேஸ் பூட்டும். ஒரே கட்டளை ஏறத்தாழ 5,000 பூட்டுகளைத் தொட்டதும் எஸ்.கியூ.எல். சர்வர் முழு அட்டவணையையும் பூட்ட முயலும். நாலாயிரம் வரிசையாகப் பிரித்து நீக்கினால் அந்தத் தொல்லை வராது.

இப்படிச் செய்தால் சுமார் 2.4 ஜிபி உள்ளே காலியாகும். கோப்பின் அளவு 8.6 என்றே காட்டும், அதைக் கண்டு பயந்து ஷ்ரிங்க் (கோப்பைச் சுருக்குவது) செய்ய வேண்டாம். காலி இடத்தைப் புதிய பதிவுகள் தாமே நிரப்பிக்கொள்ளும். மிச்சமிருக்கும் பண்டல் அட்டவணை ஒரு ஜிபி அளவுக்கு வந்துவிடும், அதாவது மறுபடி நினைவகத்துக்குள் அடங்கும். இந்த ஒரு வேலையே சனிக்கிழமையில் மாற்றத்தைக் காட்டும்.

சம்பளக் குவரி என்ன செய்கிறது?

நீங்கள் அனுப்பியதைப் படித்தேன். மென்பொருள் ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு குவரி என்று 400 தடவை கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் தேதியின் ஆண்டையும் வார எண்ணையும் பிரித்தெடுத்துப் பார்க்கும் ஃபங்ஷன்கள் தேதிப் பத்தியின் (நெடுவரிசையின்) மேல் இருக்கின்றன. பத்தியை ஃபங்ஷனுக்குள் வைத்தால் அந்தப் பத்தியில் இண்டெக்ஸ் இருந்தாலும் அதில் நேராகப் போய்த் தேட முடியாது. குடோனில் நூல் மூட்டைகளை லாட் எண் எழுதாமல் அடுக்கியிருந்தால் ஒரு லாட்டைத் தேட எல்லா மூட்டையையும் பிரிக்க வேண்டும் அல்லவா, அதுதான் நடக்கிறது. 3.4 ஜிபி அட்டவணையை 400 தடவை முதலிலிருந்து கடைசிவரை படித்தால் 1,360 ஜிபி. டிஸ்க் நொடிக்கு 200 எம்பி கொடுத்தால்கூட இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் கடிதத்தில் உள்ள நேரமும் அதுவேதான்.

உண்மையில் வேண்டியது எவ்வளவு? 400 பேர், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 20 பண்டல், ஆறு நாள். 48,000 வரிசைகள். தேதி இந்தத் திங்கட்கிழமைக்குச் சமமாகவோ பின்னாகவோ இருக்க வேண்டும், அடுத்த திங்கட்கிழமைக்கு முன்னாக இருக்க வேண்டும் என்று நேரடியாக எழுதி, டெய்லர் வாரியாகக் குரூப் பை செய்து ஒரே குவரியாகக் கேட்டால் போதும். தேதியும் தொழிலாளர் எண்ணும் முன்னால் வர, பீஸ் எண்ணிக்கையும் ரேட்டும் கூடவே இருக்கும்படி ஒரு இண்டெக்ஸ் போட்டால் அந்த 48,000 வரிசைகளை மட்டும் படித்து முடித்துவிடும். பழைய ஆண்டுகளை மாற்றுவதற்கு முன் இந்த இண்டெக்ஸைப் போட்டால் சுமார் 600 எம்பி பிடிக்கும் என்பது என் கணிப்பு. மாற்றிய பின் போட்டால் 200 எம்பிக்குள். வரிசையை மாற்றிச் செய்யாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம். உங்கள் தொழிலாளர் எண் எழுத்தும் இலக்கமும் கலந்தது, அட்டவணையில் வார்சார் (சாதாரண எழுத்து) வகையாக இருக்கிறது. டாட்நெட்டில் எழுதிய மென்பொருள், வகையைக் குறிப்பிடாமல் மதிப்பை அனுப்பினால் அது என்வார்சார் (யூனிகோட் எழுத்து) ஆகப் போகும். அப்போது டேட்டாபேஸ் பத்தியில் உள்ள ஒவ்வொரு மதிப்பையும் வகை மாற்றி ஒப்பிடும். பல சமயம் இதனாலேயே இண்டெக்ஸ் வீணாகிவிடும். குவரி எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸிகியூஷன் பிளானில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால் மவுஸை அதன் மேல் வைத்துப் படியுங்கள், வகை மாற்றம் என்று சொல்லும். அதே இடத்தில் பச்சை எழுத்தில் ‘இந்த இண்டெக்ஸ் இல்லை’ என்ற பரிந்துரையும் வரும். அதை அப்படியே ஏற்காதீர்கள். அது அந்த ஒரு குவரியை மட்டும் பார்த்துச் சொல்வது. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு இண்டெக்ஸும் ஒவ்வொரு பண்டல் பதிவிலும் கூடுதல் எழுத்து வேலை.

பண்டல் பதிவு உறைவது தனிக் காரணத்தால். சம்பளக் கணக்கு தொடங்கும்போதே, முழுதாக முடிந்தால் மட்டுமே உறுதியாகும் ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்து, கணக்கிட்ட வரிசைகளில் ‘சம்பளம் கொடுத்தது’ என்று குறித்துக்கொண்டே போய், கடைசியில்தான் மூடுகிறது. 48,000 வரிசைகளில் குறிக்கும்போது நான் மேலே சொன்ன முழு அட்டவணைப் பூட்டுக்கு வாய்ப்பு உண்டு. அது இரண்டு மணி நேரம் நீடிக்கிறது. கணக்கு அரை நிமிடத்தில் முடிந்தால் பூட்டும் அரை நிமிடம்தான்.

ரீஸ்டார்ட் ஏன் பலன் தருவதுபோல் தெரிகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். பூட்டை வைத்திருந்தவரை வெளியே தள்ளிவிடுகிறீர்கள், மற்றவர்களுக்கு வழி திறக்கிறது. ஆனால் பாதியில் நின்ற டிரான்சாக்‌ஷனை முழுவதும் பின்னோக்கி அழித்த பிறகே டேட்டாபேஸ் திறக்கும். சில வாரங்களில் மென்பொருள் உடனே திறக்காததற்குக் காரணம் அது. அதோடு எந்தக் குவரி எவ்வளவு படித்தது என்று சர்வர் நினைவில் வைத்திருந்த குறிப்புகளும் ரீஸ்டார்ட்டில் போய்விடுகின்றன. இனி உறைந்தால், எதையும் நிறுத்துவதற்கு முன் எஸ்பி_ஹூ2 கட்டளையை ஓட்டி, யாரை யார் தடுக்கிறார்கள் என்று காட்டும் பத்தியைப் படம் எடுத்து வையுங்கள். குவரி ஸ்டோர் வசதி 2017 எக்ஸ்பிரஸிலும் உண்டு. அதை இயக்கி வைத்தால் குறிப்புகள் டேட்டாபேஸுக்குள்ளேயே சேமிக்கப்படும், ரீஸ்டார்ட்டில் அழியாது. இதுவும் 10 ஜிபிக்குள் இடம் பிடிக்கும், 100 எம்பிக்கு மேல் போகாதபடி வையுங்கள்.

நோலாக்கைச் சம்பளத்திலிருந்து எடுத்துவிடுங்கள்

இந்த ஒன்றில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நோலாக் வேகத்துக்கான மருந்து என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள், நீங்கள் நம்பியதில் வியப்பில்லை. பூட்டுகளைப் பொருட்படுத்தாமல் படி என்பதே அதன் பொருள். இன்னும் உறுதியாகாத பதிவைப் படிக்கும். படிக்கும் நேரத்தில் பக்கங்கள் இடம் மாறினால் ஒரு வரிசையை இரண்டு தடவை எண்ணும், அல்லது எண்ணாமலே தாண்டிவிடும். ஆர்டர் எத்தனை சதவீதம் முடிந்தது என்று, ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பார்க்கும் ரிப்போர்ட்டில் நான்கு பண்டல் கூடக்குறைய வந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஒரு டெய்லரின் வாரக் கூலியில் வரக்கூடாது.

அந்த இரண்டு பேரின் குறைக்கு நோலாக்தான் காரணம் என்று இங்கிருந்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அதைச் சேர்த்த நாளிலிருந்து இன்றுவரை எல்லா வாரங்களுக்கும், 400 பேருக்கும், ஞாயிற்றுக்கிழமை யாரும் பதிவு செய்யாத நேரத்தில் நோலாக் இல்லாமல் மறுபடி கணக்கிட்டு, கொடுத்த தொகையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் முதலாளியிடம் நீங்களே முதலில் சொல்லி, குறைந்தவர்களுக்கு நிலுவையைக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். முறையிட்டது இரண்டு பேர்தான். சீட்டைப் பார்த்து எண்ணத் தெரியாத, ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஒருவர் முறையிட்டிருக்க மாட்டார்.

ரிப்போர்ட்கள் தடைபடாமல் ஓட இதைவிட நல்ல வழி உண்டு. ரீட் கமிட்டெட் ஸ்னாப்ஷாட் என்ற அமைப்பை இயக்கினால், படிப்பவர் கடைசியாக உறுதியான பதிவைப் படிப்பார், எழுதுபவர் தன் போக்கில் எழுதுவார். இயக்கும் நொடியில் வேறு யாரும் இணைந்திருக்கக் கூடாது. சர்வரின் தற்காலிக டேட்டாபேஸான டெம்ப்டிபி வளரும், அந்த டிஸ்க்கில் இடம் வையுங்கள். எழுதுபவரை எழுதுபவர் தடுப்பதை இது தீர்க்காது என்பதால் பண்டல் பதிவுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம்.

மென்பொருள் நிறுவனத்தின் அட்டவணையில் கை வைக்கலாமா?

உள்ளே இருக்கும் தரவு உங்கள் நிறுவனத்துடையது. மென்பொருளின் நிலை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரல் இலக்கியப் படைப்பாகக் கருதப்படுகிறது. வெளி நிறுவனம் எழுதிக் கொடுத்த நிரலின் உரிமை, எழுத்துப்பூர்வமாக மாற்றித் தராதவரை பொதுவாக அவர்களிடமே இருக்கும். பணம் கொடுத்துவிட்டோம், எல்லாம் நம்முடையது என்று முதலாளி நினைத்திருந்தால் அது சரியல்ல. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுவது நல்லது.

நிரலைத் திருத்தாமல் ஒரு இண்டெக்ஸ் சேர்ப்பது அதைவிட மிகச் சிறிய விஷயம். அதனால் விடை மாறாது, வேகம்தான் மாறும். ஆனால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் ‘டேட்டாபேஸ் அமைப்பை மாற்றினால் பொறுப்பில்லை’ என்ற வரி இருந்தால், நாளை எந்தக் கோளாறு வந்தாலும் அதைச் சொல்லித் தட்டிக்கழிப்பார்கள். எனவே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் வேண்டாம். அவர்கள் சம்மதித்தால், முதலில் பேக்கப் எடுத்து, அந்தப் பேக்கப்பை வேறு கணினியில் ரீஸ்டோர் செய்து, இண்டெக்ஸை அங்கே போட்டு ஒரு பழைய வாரத்தின் சம்பளத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். பைசா மாறக் கூடாது. பிறகு ஞாயிற்றுக்கிழமை உண்மையான சர்வரில் போடுங்கள். எக்ஸ்பிரஸில் இண்டெக்ஸ் உருவாகும்வரை அட்டவணையில் யாரும் எழுத முடியாது.

சம்பளக் குவரியை ஒரே குவரியாக மாற்றுவது அவர்களுடைய வேலை. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் வாங்குபவர்களிடம் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதில்லை. ‘மெதுவாக இருக்கிறது’ என்று எழுதாமல், 400 தடவை முழு அட்டவணையும் படிக்கப்படுகிறது என்று பிளானோடு எழுதினால் சர்வர் பழையது என்ற பதிலை மறுபடி அனுப்புவது அவர்களுக்குக் கடினம்.

அந்தத் தம்பியைப் பற்றி

உங்கள் கடிதத்தில் உள்ள ஆண்டுகளை மட்டும் பாருங்கள். கணக்கு இழுக்கத் தொடங்கியது நான்காம் ஆண்டில். அவர் வந்தது சென்ற ஆண்டு. வேறு சாட்சியம் தேவையில்லை. அவர் ரிப்போர்ட்டிலும் குறை இருக்கிறது, மறைக்கவில்லை. செலக்ட் ஸ்டார் என்று எல்லாப் பத்திகளையும் இழுக்கிறார், ஸ்டைல் பெயரின் நடுவிலிருந்து லைக் என்ற தேடல் கட்டளை வைத்துத் தேடுகிறார். காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு மெர்ச்சண்டைசர்களும் அதைத் திறக்கும்போது அந்த 1.4 ஜிபியிலிருந்து மற்ற எல்லாமே வெளியே தள்ளப்படுகிறது. வேண்டிய எட்டுப் பத்திகளை மட்டும் கேட்கவும், ஸ்டைல் எண்ணின் தொடக்கத்திலிருந்து தேடவும் சொல்லிக்கொடுத்தால் அரை நாளில் திருத்திவிடுவார். படிப்பின் அளவைக் காட்டும் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐஓவை இயக்கி, முன்னும் பின்னும் எத்தனை பக்கங்கள் படிக்கப்பட்டன என்று அவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 8 கேபி. அந்த எண் குறைவதைத் தன் கண்ணால் பார்த்தவர் அடுத்த குவரியை வேறு மாதிரி எழுதுவார். அவரை அனுப்பிவிட்டால் உங்கள் நிறுவனத்தில் குவரி எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டுமே மிஞ்சுவீர்கள், சனிக்கிழமை சரியாகாது.

முதலாளியிடம் பேசும்போது சர்வர் வேண்டாம் என்று சொல்லாதீர்கள், நான்கு சனிக்கிழமை தள்ளிப்போடச் சொல்லுங்கள். முதல் வாரம் நோலாக்கை எடுத்து, குவரி ஸ்டோரை இயக்கி, இருப்பதை அளப்பது. அந்த வாரம் கணக்கு இன்னும் சற்று இழுக்கலாம், அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை இரவு வரையிலான பதிவுகளுக்குச் சனிக்கிழமை விடியற்காலையிலேயே கணக்கை ஓட்டிவிட்டு, சனிக்கிழமைப் பண்டல்களை அடுத்த வாரத்தில் சேர்க்கத் தொழிலாளர்கள் சம்மதித்தால் வேன் காத்திருக்காது. இரண்டாம் வாரம் பழைய ஆண்டுகளை மாற்றுவது. மூன்றாம் வாரம் இண்டெக்ஸ். நான்காம் வாரத்துக்குள் மென்பொருள் நிறுவனத்திடமிருந்து திருத்திய குவரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் இரண்டையும் ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வையுங்கள். அதன் பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனால் எக்ஸிகியூஷன் பிளான் கோப்பைச் சேமித்து, தொழிலாளர் பெயர்கள் எதுவும் இல்லாமல், எனக்கு அனுப்புங்கள். பார்த்துப் பதில் எழுதுகிறேன்.